இரண்டாம் ரவுண்டுக்குப் பிறகு

"தலையப் பாத்துக்கடா, கை தன்னால…" என்பார் நாதமுனி மாஸ்டர். தன்னால என்ன செய்யும் என்பதையும் சேர்த்துத்தான் சொல்வார், அந்தப் பின்பாதிதான் மகிமைதாஸுக்கு ஞாபகம் வரவில்லை. தன்னால போகுமா, தன்னால பேசுமா. அரை டிராயர் போட்ட காலத்திலிருந்து கேட்ட வாக்கியம், குத்துப்பையில் அடிக்கும்போதெல்லாம் முதுகுக்குப் பின்னாலிருந்து வந்த வாக்கியம், இன்றைக்குப் பார்த்துப் பாதியில் அறுந்து தொங்குகிறது. எல்லாருக்கும்தான் மறக்கிறது, இந்தச் சலூன்கடை ரத்தினத்துக்கு மறக்காதா, போன தடவை சில்லறை கொடுக்க மறந்துவிட்டுத் தெருமுனை வரை ஓடிவந்தாரே, அவர் தலையில் யார் குத்தினார்கள் என்று அவன் தனக்குள் வாதாடிக்கொண்டிருக்கும்போது ரத்தினம் வெள்ளைத் துணியை உதறி அவன் கழுத்தைச் சுற்றிப் போர்த்தி, பிடரியில் கிளிப்பைச் செருகி, தலையை இரண்டு கையாலும் பிடித்து நேராக்கி வைத்தார். கண்ணாடியில் கழுத்துக்கு மேலே மட்டும் தாஸ் இருந்தான், கீழே வெறும் துணி. அவன் தலைக்குப் பின்னால் கடையின் வாசல், வாசலுக்கு அப்பால் புளியந்தோப்பு ஞாயிற்றுக்கிழமைத் தெரு, தெருவுக்கு அந்தப் பக்கம் டீக்கடை, டீக்கடை பெஞ்சில் மாஸ்டர். பக்கத்தில் குத்துச்சண்டைச் சங்கத்துச் செயலாளர், வெள்ளைச் சட்டை, மடியில் தோல்பை. தேசியப் போட்டி இந்த வருஷம் சென்னையில் நடக்கிறது, அறுபது கிலோ எடைப் பிரிவில் தங்கம் வாங்கின உள்ளூர்க்காரன் சும்மா வீட்டில் இருக்கிறானே, ஒரு தடவை கேட்டுப் பார்க்கலாம் என்று அவரே நேரில் வந்திருந்தார். நேற்று அவரே கூட்டிக்கொண்டு போன எலும்பு டாக்டர் தாஸின் தோளைத் தூக்கி, முறுக்கி, கட்டைவிரலால் அழுத்தி, இந்தத் தோளில் ஒரு குறையும் இல்லை, மாடு மாதிரி இருக்கிறது என்று சொல்லிவிட்டார். இனி ரிங்கில் ஏறுகிறாயா இல்லையா என்பது ஒன்றுதான் பாக்கி. முடி வெட்டிக்கொண்டு வந்து சொல்கிறேன் என்றான் தாஸ். மாஸ்டருக்கு அதுவே சந்தோஷமாகிவிட்டது. வெட்டிக்க, போட்டோ எடுப்பாங்க என்றார்.

கத்தரிக்கோல் காதுக்குப் பக்கத்தில் வரும்போதெல்லாம் அந்தக் காது, இடது காது, தானாகவே கொஞ்சம் உள்வாங்கிக்கொள்கிறது. அந்தக் காதுக்கு மேலேதான் அன்றைக்கு அடி விழுந்தது. ரத்தினத்துக்கு அது தெரியாது, அவர் காதை மடித்துப் பிடித்துக்கொண்டு, அரசாங்கம் கால்வாய் தூர்வாரின கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். தோள் என்று சொன்னது அவன்தான். தங்கப் பதக்கத்தோடு ஊருக்கு வந்த இரண்டாம் வாரமே தோள் வலிக்கிறது என்றான், அடுத்த மாதம் இன்னும் வலிக்கிறது என்றான், அப்படியே மூன்று வருஷம் வலித்துக்கொண்டிருந்தது. வலிக்காத தோளை வலிக்கவைப்பதும் லேசுப்பட்ட வேலையில்லை. பேருந்துக் கம்பியைப் பிடிக்கும்போது முகம் சுளிக்க வேண்டும், யாராவது தட்டிக்கொடுத்தால் ஒதுங்க வேண்டும், எந்தத் தோள் என்று ஞாபகம் வைத்துக்கொள்ளவும் வேண்டும். ஒருநாள் கேஸ் சிலிண்டரை அவன் வலது தோளிலேயே தூக்கி வந்து அடுப்படியில் இறக்கினான். மனைவி கிருபா, துவைத்த துணியை மடித்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள். கல்யாணமான புதிதில் எதற்கெடுத்தாலும் கேள்வி கேட்பவள், அன்றைக்கு ஒன்றும் கேட்கவில்லை. "மறைக்கிறதுன்னா ஒழுங்கா மறை. வலி சோத்தாங்கைப் பக்கம்," என்றாள், சொல்லிவிட்டு அடுத்த துணியை எடுத்தாள். அவன் சிரித்துவிட்டான். அவள் சொன்னது தோளைப் பற்றி, அவனுக்குப் பயம் வந்தது வேறு எதையோ பற்றி. வலிப்பதாக நடிக்க அவன் மறந்தானா, வலது தோள் என்பதையே மறந்தானா. இரண்டும் ஒன்றில்லை. சாவியை எங்கே வைத்தோம் என்று தேடுவது ஒன்று, கையில் சாவியை வைத்துக்கொண்டு இது எதற்கு என்று நிற்பது வேறொன்று. அப்படி அவன் நின்றதில்லை. நின்றிருந்தாலும் நின்றது ஞாபகம் இருக்குமா என்ன. இந்த இடத்துக்கு வந்தால் நினைப்பு சுற்றிச் சுற்றி அங்கேயே நிற்கும், பஞ்சர் ஒட்டுகிற கடையில் வாளித் தண்ணீருக்குள் அமுக்கிய டியூபைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பது போல, எங்கேயாவது ஒரு காற்று முட்டை கிளம்புகிறதா என்று.

"குனி நைனா," என்றார் ரத்தினம். அவன் குனிந்தான். பிடரியில் மிஷின் ஓடியது. குனிந்தால் தெரிவது துணி, துணி மேல் முடி. நீல நிற மக்கு. அதுதான் முதலில் வரும், எப்போதும். ஃபைனல் அன்று தங்கியிருந்த லாட்ஜ் குளியலறையில் நீலப் பிளாஸ்டிக் மக்கில் தண்ணீர் நிரம்பி வழிந்துகொண்டிருக்கிறது, குழாயைத் திறந்தது தன் கைதான் என்று அவன் அப்போதுதான் கண்டுபிடிக்கிறான், உதடு கிழிந்து எரிகிறது, வெளியே கட்டில் மேல் பதக்கம் கிடக்கிறது, மஞ்சளாக. அதற்கு முந்தைய ஞாபகம் ஃபைனலில் எதிரே நின்ற ஹரியானாக்காரனின் வலதுகை. இரண்டாவது ரவுண்டு, டியூப்லைட் வெளிச்சம், வாய்க்கவசத்தின் ரப்பர் ருசி, அந்தக் கை வெளியிலிருந்து வளைந்து வருகிறது, வருகிறது என்று தெரிகிறது, வந்து சேர்ந்தது தெரியவில்லை. கைக்கும் மக்குக்கும் நடுவில் மூன்று மணி நேரம் ஞாபகத்தில் இல்லை. அந்த மூன்று மணி நேரத்தில்தான் தாஸ் தேசிய சாம்பியன் ஆனான். மூன்றாவது ரவுண்டில் அவன் ஆடின ஆட்டத்தை இன்றைக்கும் பையன்களுக்குப் போட்டுக் காட்டுகிறார்கள். செல்போனில் சத்தத்தை அணைத்துவிட்டு அவனும் பார்த்திருக்கிறான். சத்தத்தோடு பார்க்கத் தைரியம் வந்ததில்லை. அவன் உருவத்தில் ஒருத்தன் காலை மாற்றி மாற்றி வைத்து, தலையை அசைத்து, அடித்துவிட்டு நகர்ந்து, நகர்ந்துவிட்டு அடித்து, அப்படி ஒரு அழகு. அந்த அழகு தனக்கு எப்போதும் வந்ததில்லை என்பது அவனுக்குத் தெரியும். முடிவில் அந்த ஆள் கையை உயர்த்துகிறான், மாஸ்டரைக் கட்டிக்கொள்கிறான், பத்திரிகைக்காரரிடம் இந்தியில் ஏதோ சொல்கிறான். மூலையில் உட்காரவைத்து உடம்பு எப்டிடா இருக்கு என்று கேட்டதற்கு, சூப்பர் மாஸ்டர் என்று சொன்னாயே என்று மாஸ்டர் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். தாஸ் எந்தக் காலத்திலும் சூப்பர் என்று சொல்கிறவன் இல்லை. நல்லா கீறேன் என்பான், இல்லையென்றால் தலையாட்டுவான். உள்ளே இருந்து சூப்பர் என்றது யார். அவன் இப்போது எங்கே போனான். திரும்பி வருவானா. வந்தால் தாஸ் எங்கே போவான்.

இதையாவது விட்டுத் தள்ளலாம். பதக்கம் பதக்கம்தான், யார் வாங்கினால் என்ன. அம்மா பேசினதை என்ன செய்ய. அந்த மூன்று மணி நேரத்துக்குள்தான் அம்மா பக்கத்து வீட்டு போனிலிருந்து கூப்பிட்டிருக்கிறாள், அவன் பேசியிருக்கிறான், ரொம்ப நேரம் பேசியிருக்கிறான். ஊருக்கு வந்ததும் அவன் முகத்தைத் தடவிவிட்டு, "அன்னிக்கு போன்ல சொன்னனே, அத மறந்துடாத இன்னா," என்றாள். மறக்கலம்மா என்றான் அவன். என்ன சொன்னாய் என்று அந்த நிமிஷமே கேட்டிருக்கலாம். கேட்டால், மகன் தலையில் அடிபட்டு நினைவு தப்பிய நிலையில்தான் அவளிடம் பேசினான் என்று அவளுக்குத் தெரிந்துபோகும், அழுவாள், மாரில் அடித்துக்கொள்வாள், அப்புறம் மெதுவாகக் கேட்டுக்கொள்ளலாம் என்று விட்டான். ஆஸ்பத்திரியில் கிடக்கும்போதும் அதையே சொன்னாள். மறக்கல என்றான். சிறுநீரகம் இரண்டும் கெட்டு அந்த மழைக்காலத்திலேயே அவள் போய்விட்டாள். அடக்கத்துக்கெல்லாம் பிறகு மாஸ்டரிடம் நைசாகப் பேச்சுக் கொடுத்துப் பார்த்தான், அன்னிக்கு அம்மா இன்னா மாஸ்டர் சொல்லிச்சு என்று. பேசினது நீ, எனக்கு எப்படித் தெரியும் என்றார் அவர், நீ பாட்டுக்குச் சரிம்மா சரிம்மா, சத்தியமா சரிம்மான்னுக்கினு இருந்த என்றார். சத்தியம் பண்ணியிருக்கிறான். எதற்கு என்று தெரியாது. இதோடு போதும்டா நிறுத்திக்கோ என்றாளா, இப்படியே அடித்து இன்னும் மேலே போ என்றாளா. இரண்டையும் சொல்லக்கூடியவள்தான். அவள் குரலில் இரண்டையும் மாற்றி மாற்றி அவன் சொல்லிப் பார்த்திருக்கிறான், ரயில்வே பணிமனையில் வேலை நடுவில், சாப்பிடும்போது, இரண்டும் பொருந்துகிறது. பொருந்தாமல் இருந்தால்கூட நன்றாக இருக்கும்.

"நிமிரு," என்று ரத்தினம் தலையை நிமிர்த்தினார். கண்ணாடியில் செயலாளர் இரண்டாவது டீ குடித்துக்கொண்டிருந்தார். மாஸ்டர் கையை ஆட்டி ஆட்டி அவருக்கு எதையோ சொல்லிக்கொண்டிருந்தார், சத்தம் கேட்காவிட்டாலும் கையைப் பார்த்தாலே என்ன கதை என்று தெரிந்தது. எட்டுக் கதை. அடி வாங்கித் தடுமாறினவனுக்கு நடுவர் ஒன்றிலிருந்து எட்டு வரை எண்ணுவார், எட்டுக்குள் அவன் இரண்டு கையையும் தாடைக்கு நேராகத் தூக்கி, ஓர் அடி முன்னால் வைத்துக் காட்ட வேண்டும். காட்டினால் ஆள் தெளிவாக இருக்கிறான் என்று சண்டை தொடரும், காட்டாவிட்டால் அங்கேயே முடிந்தது. மற்ற பயிற்சியாளர்கள் இதைப் பையன்களிடம் வாயால் சொல்லிக்கொடுப்பார்கள். நாதமுனி மாஸ்டர் உடம்பில் ஏற்றினார். கயிறு தாண்டும்போது, பை குத்தும்போது, பயிற்சிக் கூடத்தைப் பெருக்கும்போது, எந்த நேரம் என்றில்லை, திடீரென்று இங்கிலீஷில் எண்ண ஆரம்பிப்பார், எய்ட் என்று வாய் மூடுவதற்குள் எல்லாக் கையும் மேலே இருக்க வேண்டும், இருக்காதவன் மூலக்கொத்தளம் வரை ஓடிவிட்டு வர வேண்டும். பஸ்ஸில் எண்ணியிருக்கிறார், கை தூக்கின பையன்களைக் கண்டக்டர் முறைத்திருக்கிறார். முகாமில் ஒரு மத்தியானம் பையன்கள் சாப்பிட்டுவிட்டு அசந்து தூங்கும்போது தலைமாட்டில் நின்று மெதுவாக எண்ணினாராம். எட்டுக்குத் தாஸ் ஒருத்தன் கை மட்டும் எழுந்ததாம், கண் மூடினபடி, குறட்டை நிற்காமல். அவருக்கு அது பெருமை. கல்யாண வீட்டில் சொல்வார், கருமாதி வீட்டில் சொல்வார், சொல்லும்போது அவரே ஒரு தடவை கண்ணை மூடிக் கையைத் தூக்கிக் காட்டுவார். கேட்டவர்கள் சிரிப்பார்கள், தாஸும் சேர்ந்து சிரித்திருக்கிறான். ஆள் உள்ளே இருக்கிறானா இல்லையா என்று வெளியே நிற்கிறவருக்குத் தெரிய இருக்கிற அடையாளமே அந்தக் கைதான். அதை ஆள் இல்லாமலே எழும்படி பழக்கி வைத்திருந்தார்கள், அவரும் அவனுமாகச் சேர்ந்து, வருஷக்கணக்காக, ஆசை ஆசையாக.

ரத்தினம் பிரஷ்ஷைக் கிண்ணத்தில் சுழற்றிக் கன்னத்தில் நுரை பூச ஆரம்பித்தார். நுரை நன்றாக இருந்தது, குளிர்ச்சி, எலுமிச்சை வாசனை, கொஞ்ச நேரம் நுரையாகவே இருந்துவிடலாம் போல. பின் பெஞ்சில் தன் முறைக்குக் காத்திருந்த ஆட்டோ பூபாலன் தினத்தாளை மடித்து வைத்துவிட்டான். "இன்னா சாம்பியன், மறுபடியும் எறங்குறியாமே," என்றான். ரத்தினம்தான் பதில் சொன்னார், கத்தி வைக்கிற நேரத்தில் வாயைக் கிளறாதே என்று. பூபாலன் அதற்கெல்லாம் அடங்குகிற ஆள் இல்லை. தோளுக்கு மூன்று வருஷம் சம்பளத்தோடு லீவு விட்ட ஒரே ஆள் நீதான், பயந்துட்டான்னு ஏரியாவுல நாலு பேரு சொன்னானுங்க, நான் சட்டையப் புடிச்சிருக்கேன் தெரியுமா என்றான். பயந்துட்டான். அந்த ஒரு சொல்லைத்தான் இந்தத் தெருக்களில் யாரும் யாரையும் சொல்லவிடுவதில்லை. தோற்றவனுக்கு மாலை போடுவார்கள், மூக்கு உடைந்தவனுக்கு முட்டை வாங்கிக் கொடுப்பார்கள், பயந்தவன் டீக்கடைக்கு வந்தால் பெஞ்சில் இடம் விடமாட்டார்கள். தாஸ் கண்ணை மூடிக்கொண்டான். கத்தி காதோரத்தில் இறங்கியது, சரக், சரக் என்று, கன்னத்தைத் தாண்டித் தாடைக்கு அடியில் போயிற்று. ரத்தினம் அவன் முகவாயை விரலால் மேலே தள்ளி, தொண்டைத் தோலை இழுத்துப் பிடித்தார். பின்னால் எங்கேயோ ஒரு கூட்டம் கத்துகிற சத்தம், மணிச் சத்தம், யாரோ இந்தியில் வேகவேகமாகப் பேசுகிறார்கள். எந்த டிவியோ என்று இருந்தது. பூபாலன் ரத்தினத்துக்குக் காட்டுவதற்காகத் தன் போனில் அந்த ஃபைனலைத் தேடி எடுத்து, சத்தத்தைக் கூட்டி வைத்திருந்தான் என்பது தாஸுக்குப் பிறகுதான் தெரியும். ஒன், என்றது ஒரு குரல். டூ. அவன் அம்மாவை நினைத்துக்கொண்டிருந்தான். அவன் சரிம்மா என்றதைக் கேட்டு அவள் என்ன சொல்லியிருப்பாள், நல்லா இரு என்றிருப்பாளா. ஃபைவ். தண்ணீர் வழிகிறது. குழாயை யார் திறந்தது. தன்னால…

தொண்டையில் எறும்பு கடித்தது போல இருந்தது. கண்ணைத் திறந்தபோது ரத்தினம் கத்தியோடு இரண்டடி தள்ளி நின்றார், வாய் திறந்திருந்தது, முகம் வெளுத்திருந்தது. கண்ணாடியில் வெள்ளைத் துணி கூடாரம் போலத் தூக்கி நின்றது, அதற்குள் இரண்டு முஷ்டிகள் தாடைக்கு நேராக, அவனுடையவை. இடது கால் மிதிபலகையிலிருந்து இறங்கி ஓர் அடி முன்னால் போயிருந்தது. அவன் அவற்றைப் பார்த்துக்கொண்டே இருந்தான். இறக்க வேண்டும் என்று தோன்றியது, எப்படி இறக்குவது என்று ஒரு கணம், ஒரு கணம்தான், தெரியவில்லை. கழுத்திலிருந்து சிவப்பாக ஒரு கோடு நுரைக்குள் இறங்கியது.

"இன்னாடா பண்ற, கொரவளையில கத்தி வெச்சிக்கினு கீறேன், ஒரு நூல் தவறியிருந்தா இன்னா ஆயிருக்கும்," என்றார் ரத்தினம். படிகாரக் கல்லைத் தேடி எடுத்து வெட்டுக்காயத்தில் அழுத்தினார். அது சுரீரென்றது, சுரீரென்ற பிறகுதான் கைகள் இறங்கின. பூபாலன் எழுந்து நின்று விழுந்து விழுந்து சிரித்தான். பார்த்தியா ரத்தினம்ணே, எட்டுன்னு கேட்டதும் கை எப்டி போச்சு பாத்தியா, இவனா பயந்தவன் என்றான், வாசலுக்குப் போய்த் தெருவைப் பார்த்து, மாஸ்டர் இங்க வா, உன் புள்ள இப்பவே ரெடியாயிட்டான் என்று கூப்பிட்டான். கண்ணாடிக்குள் மாஸ்டர் எழுந்தார், டீ கிளாஸைக் கீழே வைத்தார், லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வேகமாகத் தெருவைக் கடந்தார், பின்னாலேயே செயலாளர். கண்ணாடியில் ஒருவர் வரும்போது பெரிதாகிக்கொண்டே வருகிறார், அதைத் தடுக்க ஒன்றும் செய்வதற்கில்லை. என்ன நடந்தது என்று பூபாலன் இரண்டு கையையும் தூக்கி நடித்துக் காட்டினான். மாஸ்டர் கேட்டது ஒன்றே ஒன்று. "கரெக்டா எட்டுக்கா?" என்றார். எட்டுக்குத்தான் என்று பூபாலன் சத்தியம் செய்தான்.

மாஸ்டருடைய கண் கலங்கிவிட்டது. தாஸின் தோள்மேல், வலிக்க வேண்டிய தோள்மேல், கையை வைத்தார். தாஸ் முகம் சுளிக்க மறந்துபோனான். "பாத்தீங்களா சார்," என்று செயலாளரிடம் திரும்பினார், "மூணு வருஷம் கழிச்சும் பாருங்க. அன்னிக்கு இந்தக் கை மட்டும் எழும்பாம இருந்தா ரெஃப்ரி அங்கயே நிறுத்தியிருப்பாரு சார்." நிறுத்தியிருப்பார். ஆமாம், நிறுத்தியிருப்பார். இவ்வளவு நாள் இந்த வாக்கியத்தை யாராவது சொல்வார்களா என்று அவன் காத்திருந்தான், சொன்னவர் சிரித்த முகத்தோடு, ஈரக் கண்ணோடு சொல்கிறார். நிறுத்தியிருக்கணும் மாஸ்டர். இரண்டே சொல், நாக்கில் வந்து நின்றது. நிறுத்தியிருந்தால் தங்கம் இல்லை, மூன்றாவது ரவுண்டின் அடிகள் இல்லை, மக்கு இல்லை, அம்மா பேசினது அவனுக்குக் கேட்டிருக்கும். இதைச் சொன்னால் இந்த மனிதர் புரிந்துகொள்வார், இரண்டாவது தடவை சொல்ல வேண்டியிருக்காது, அங்கேதான் சங்கடம். தூங்குகிற பையன் தலைமாட்டில் நின்று எண்ணினதை நினைத்துப் பார்ப்பார். கூடத்தில் இப்போதும் காலையில் இருபது பையன்கள் எட்டுக்குக் கையைத் தூக்குகிறார்கள், அவர்களையும் நினைத்துப் பார்ப்பார். அந்தப் பையன்கள். அவர்களை யார் பார்ப்பது. அதைச் சொல்லாமல் விடுவது எந்தக் கணக்கில் சேரும். ஒருநாள் கூடத்தில் அவரைத் தனியே உட்காரவைத்து மெதுவாகச் சொல்லலாம், அம்மாவிடம் மெதுவாகக் கேட்கலாம் என்று விட்டது போலவா. நினைப்பு மறுபடி சுற்ற ஆரம்பித்தது, சுற்றிக்கொண்டே இருக்கலாம், கிளிப்பை எடுக்கும்வரை. பாதி முகத்தில் நுரை காய்ந்து இழுத்தது. ரத்தினம் மிச்சத்தை வழிக்கக் கத்தியைத் துடைத்துக்கொண்டு நின்றார், ஆனால் பக்கத்தில் வரவில்லை. செயலாளர் தோல்பையை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டு, அப்போ பேரைக் கொடுத்துடலாமா தம்பி என்று கேட்டார். பூபாலன் தாஸுக்குப் பதிலாகத் தலையாட்டினான்.

"தோள்ல ஒண்ணும் இல்ல மாஸ்டர். எப்பவுமே ஒண்ணும் இல்ல," என்றான் தாஸ், நாக்கில் நின்ற அந்த இரண்டு சொல்லை மாஸ்டருக்காக விழுங்கிக்கொண்டு. "எனக்குப் பயமா இருக்கு. அடி வாங்கப் பயமா இருக்கு."

மாஸ்டர் கையை எடுத்துக்கொண்டார். இனி எந்த ரிங்கிலும் ஏறுவதில்லை என்று மகிமைதாஸ் கடையிலிருந்த எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னான்.